'பாவம்' என்று சொல்லிவிட்டு நகர முடியாதவர்கள்

கேள்வி: என் மகளுக்கு 22 வயது. நல்ல மதிப்பெண்ணோடு பட்டப்படிப்பை முடித்தாள். படிப்புக்கேற்ற வேலையும் கைக்கு வந்திருக்கிறது. அதை வேண்டாம் என்கிறாள். இரண்டு வருடமாக வார இறுதியில் விலங்குகள் காப்பகம் ஒன்றுக்குப் போய்வந்தவள், இனி முழுநேரமும் அதுதான் என் வேலை என்று பிடிவாதமாக நிற்கிறாள். வீட்டுக்கு வரும்போது கையெல்லாம் கீறல், உடையெல்லாம் மருந்து வாடை. அங்கே ஒரு நாய் இறந்துபோனால் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடுவதில்லை. நாங்கள் பாசத்தில் ஏதாவது குறை வைத்துவிட்டோமா? இத்தனை மனிதர்கள் கஷ்டப்படும்போது விலங்குகளுக்கு எதற்கு என்று கேட்டால், பதில் சொல்லாமல் எழுந்து போய்விடுகிறாள். டாக்டர், எதற்காகச் சிலர் இந்த வேலையைத் தேடிப் போகிறார்கள்? அதை முதலில் எனக்குப் புரியவையுங்கள். தடுப்பதா விடுவதா என்று பிறகு யோசிக்கிறேன்.
- ஒரு தாய்

பதில்:

அன்புள்ள அம்மா,

"அதை முதலில் எனக்குப் புரியவையுங்கள்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்காகவே நீளமாக எழுதுகிறேன். இருபத்தேழு வருடமாகக் கால்நடை மருத்துவம் பார்க்கிறேன். அதில் பெரும்பகுதி காப்பகங்களில், கேட்க ஆளில்லாத விலங்குகளோடு கழிந்தது. "பிள்ளைக்குப் புத்தி சொல்லி அனுப்புங்கள்" என்று என்னிடம் வந்த பெற்றோர் எத்தனையோ பேர். புரிந்துகொள்ள வேண்டும் என்று வந்தவர்கள் குறைவு.

முதலில் உங்கள் மனதை அரிக்கும் கேள்வி. நீங்கள் பாசத்தில் எந்தக் குறையும் வைக்கவில்லை. என்னோடு வேலை பார்த்தவர்களில் செல்லமாக வளர்ந்தவர்கள் உண்டு, அடி வாங்கி வளர்ந்தவர்கள் உண்டு. சிறு வயதிலிருந்தே நாய், பூனையோடு படுத்து எழுந்தவர்கள் உண்டு, வேலையில் சேரும்வரை ஒரு நாயைத் தொட்டே பார்க்காதவர்களும் உண்டு. வீட்டில் பாசம் கிடைக்காதவர்தான் அதை விலங்குகளிடம் தேடிப் போகிறார் என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்கள் போடும் கணக்கு. உள்ளே இருந்து பார்த்த எனக்கு அந்தக் கணக்கு ஒருநாளும் சரியாக வந்ததில்லை.

சரி, ஏன்தான் வருகிறார்கள்? வேலை கேட்டு வரும் ஒவ்வொருவரிடமும் இதைக் கேட்பேன். பெரும்பாலும் வரும் பதில் ஒன்றே: "விலங்குகள் என்றால் எனக்கு உயிர்." அதில் பொய்யில்லை. ஆனாலும் அதை நான் பதிலாக எடுத்துக்கொள்வதில்லை. குட்டிகளைக் கண்டு உருகுவது மனித உடம்பிலேயே ஊறிய விஷயம். பெரிய தலை, பெரிய கண், உப்பிய கன்னம், இவற்றைப் பார்த்ததும் பராமரிக்கும் உணர்வு நமக்குள் தானாக எழுகிறது என்று விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த கொன்ராட் லோரன்ஸ் 1943-லேயே எழுதினார். நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது இருவர் உடம்பிலும் ஆக்ஸிடோசின் கூடுகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015-ல் காட்டினார்கள். தாய்க்கும் சேய்க்கும் நடுவே வேலை செய்யும் அதே ஹார்மோன். மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களிடம்கூட அது தென்படவில்லை.

ஆகவே நாயைக் கண்டு உருகுவதற்குத் தனிப்பிறவி எடுத்திருக்க வேண்டாம். தெருவில் போகிற யாருக்கும் அது வரும். காலை ஐந்து மணிக்கு வந்து, கழிச்சலில் கிடக்கும் நாயின் கூண்டை நான்காவது தடவையாகக் கழுவிக்கொண்டிருக்கும் ஒருவரை அந்த உருக்கத்தைக் கொண்டு விளக்க முடியாது.

என் கதையைச் சொல்கிறேன். அப்போது எனக்குப் பத்து வயது. சாலையோரம் ஒரு நாய் வண்டியில் அடிபட்டுக் கிடந்தது. பின்னங்கால் முறிந்து தொங்கியது. சுற்றிலும் ஆட்கள். எல்லோரும் "ஐயோ பாவம்" என்றார்கள். நானும் சொன்னேன். ஒருவர் தொடப் போனார், நாய் பல்லைக் காட்டிச் சீறியது, கையை இழுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு யாரும் கிட்டே போகவில்லை. அந்த வழியாக வந்த நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர் நின்று பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. பையிலிருந்து ஒரு துணியை எடுத்து நீளவாக்கில் மடித்தார். நாயின் தலைக்குப் பின்பக்கமாக வந்து, அதன் மூக்கைச் சுற்றி ஒரு சுருக்கு, தாடைக்குக் கீழே ஒரு சுற்று, காதுக்குப் பின்னால் ஒரு முடிச்சு. நாயால் மூச்சு விட முடிந்தது, கடிக்க முடியவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, அந்தப் பலகையை எடுத்துட்டு வா" என்றார். பக்கத்தில் கட்டடவேலை நடந்த இடத்தில் கிடந்த பலகை. நாயைத் தூக்காமல், முதுகு வளையாமல், தோலோடு பிடித்துப் பலகை மேல் நகர்த்தினார். நான் ஒரு முனை, அவர் ஒரு முனை. வண்டியில் ஏற்றினோம். எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

அவர் யார், அந்த நாய் பிழைத்ததா, இன்றுவரை எனக்குத் தெரியாது. "பாவம்" என்று சொல்லிக்கொண்டு நின்றபோது என் இரண்டு கையும் கனத்துத் தொங்கியது நினைவிருக்கிறது. பலகையைப் பிடித்ததும் அந்தக் கனம் இறங்கியதும் நினைவிருக்கிறது. வலியோடு கிடக்கும் ஒரு உயிருக்கு என் கையால் செய்யக்கூடிய ஏதோ ஒன்று இருக்கிறது, அதைக் கற்றுக்கொள்ளவும் முடியும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

இந்த வேலைக்கு வந்து நிலைத்தவர்களில் நான் நெருங்கிப் பழகிய எல்லோரிடமும் இப்படி ஒரு பலகை இருக்கிறது, அம்மா. சிலருக்குக் கிடைத்த பலகை, சிலருக்குக் கிடைக்காமல் போன பலகை. எங்கள் வார்டில் பல வருடம் இருந்த நர்ஸ் ஒருவர், பதினான்கு வயதில் தன் ஆண்பூனை மண்தொட்டியில் போய்ப் போய் உட்கார்ந்து சிறுநீர் வராமல் முனகியதை மூன்று நாள் பார்த்துக்கொண்டிருந்தார். மலச்சிக்கல் என்று நினைத்தார்கள். நான்காம் நாள் செத்துப்போனது. சிறுநீர்க்குழாய் அடைப்பு அது, நேரத்தோடு கொண்டுவந்திருந்தால் குழாய் போட்டு எடுத்திருக்கலாம் என்று படிக்க வந்த பிறகு தெரிந்துகொண்டார். அப்படி ஒரு பூனை உள்ளே வந்தால் அவர் யாரையும் எதிர்பார்க்க மாட்டார், டிரேயை அவரே எடுத்துவைப்பார். இன்னொருவர் பல வருடம் மாடுகளை ஏற்றிச் சென்ற லாரி டிரைவர். இப்போது கால் ஒடிந்த மாடுகளைப் பார்க்கும் கொட்டகையில் இருக்கிறார். ஏன் வந்தார் என்று அவர் சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை.

உங்கள் மகள் பதில் சொல்லாமல் எழுந்து போகிறாள் என்றீர்கள். என் அம்மா கேட்டபோது நானும் எழுந்துதான் போனேன். கோபம் ஒன்றுமில்லை, அந்த வயதில் எனக்கே பதில் தெரியாது. 'ஏன்' என்று கேட்டால் பிள்ளைகளுக்கு விசாரணை மாதிரி இருக்கும். "நீ முதல் முதலில் எதைப் பார்த்தாய்?" என்று கேட்டுப் பாருங்கள். அவளிடமும் ஒரு பலகை இருக்கும்.

இதை இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. வெறும் பாசத்தோடு வருகிறவர்களால் விலங்குகளுக்கே ஆபத்து வரும். வாரக்கணக்கில் பட்டினி கிடந்த ஒரு நாயை நினைத்துக்கொள்ளுங்கள். விலா எலும்பை எண்ணலாம், இடுப்பு எலும்பு தோலைக் குத்திக்கொண்டு நிற்கிறது. பார்த்ததும் யாருக்கும் என்ன தோன்றும்? தட்டு நிறைய வைத்து, அது வேகவேகமாகத் தின்பதைப் பார்த்துக் கண் கலங்கத் தோன்றும். அப்படிச் செய்தால் அந்த நாய் அடுத்த சில நாட்களில் இறந்துபோகலாம். பட்டினியில் உடம்பின் பாஸ்பரஸ் இருப்பு கரைந்து போயிருக்கும். திடீரென்று நிறைய உணவு போனதும் இன்சுலின் கூடி, இரத்தத்தில் மிச்சமிருக்கும் பாஸ்பரஸையும் செல்களுக்குள் இழுத்துவிடும். இதயமும் சிவப்பணுக்களும் தாங்காது. இரண்டாம் உலகப் போர் முடிந்து சிறை முகாம்களிலிருந்து மீண்ட மனிதர்களில் சிலர் வயிறார உண்ட பிறகு இறந்ததும் இதே காரணத்தால்தான். ஆகவே அதன் எடையை வைத்துத் தேவையைக் கணக்கிட்டு, முதல் நாள் அதில் கால் பங்கு போலத்தான் கொடுப்போம். அதையும் பல வேளையாகப் பிரித்து. நாய் காலித் தட்டை நக்கிவிட்டு நம் முகத்தைப் பார்க்கும். இன்னும் கொடுக்காமல் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். பாசம் மட்டும் உள்ளவர் அந்த இடத்தில் தோற்றுவிடுவார்.

பூனை இன்னும் கடினம். வலியை வெளியே காட்டாத பிராணி அது. கூண்டின் மூலையில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் பூனையைப் பார்த்து "சமத்தாக இருக்கிறது" என்பார்கள். மாண்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-ல் பூனையின் முகத்தைப் படிக்க ஓர் அளவுகோல் வெளியிட்டார்கள். காதின் நிலை, கண் எவ்வளவு சுருங்கியிருக்கிறது, மூக்கு வாய்ப் பகுதியின் இறுக்கம், மீசையின் நிலை, தலை தோளுக்கு மேலே இருக்கிறதா கீழே இறங்கியிருக்கிறதா. இந்த ஐந்துக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். மொத்தம் பத்துக்கு நான்கு வந்தால் வலிமருந்து கொடுக்க யோசிக்க வேண்டும். இதைப் படித்த பிறகு, 'சமத்தாக' இருந்த பூனைகளில் எத்தனை வலியில் இருந்திருக்கும் என்று நினைத்து நான் பல நாள் தூங்கவில்லை. தன்னைத் தொடவே விடாத, சீறுகிற, நன்றி காட்டாத ஒரு உயிரின் மீசையைப் பத்து நிமிடம் கவனித்துக் குறித்துக்கொள்ளும் பொறுமை இருக்கிறதே, அது இருப்பவர்களைப் பார்த்தால் நான் வேலைக்கு எடுத்துக்கொள்வேன். புதிதாக வருகிறவர்களைக் குட்டிகள் இருக்கும் அறைக்கு நான் கூட்டிப்போவதில்லை. பின் வார்டுக்கு, வெளியே வராத பூனையின் கூண்டுக்கு முன்னால்தான் உட்கார வைப்பேன்.

வேறு காரணங்களோடும் வருகிறார்கள். ஒன்றை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் பயப்படுவது அதைத்தான் என்று தோன்றுகிறது: "மனிதர்களே வேண்டாம் என்று வந்துவிட்டேன்." இப்படி வருகிறவர்கள் உண்டு. அவர்களுக்குச் சீக்கிரமே ஒன்று தெரியவரும். கூண்டில் இருக்கும் ஒவ்வொரு விலங்கின் பின்னாலும் ஒரு மனிதர் இருக்கிறார். கொண்டுவந்து விட்டுப் போனவர், தத்தெடுக்க வந்தவர், முதுமையில் முதியோர் இல்லம் போக வேண்டியிருப்பதால் தன் நாயைக் கையில் கொடுத்துவிட்டு வாசலைத் தாண்ட முடியாமல் நிற்கிறவர். அவரிடம் பேசத் தெரியாதவருக்கு இந்த வேலை இல்லை. மனிதரை வெறுத்து வந்தவர்களில் சிலர் போய்விடுகிறார்கள். சிலர் அந்தக் கிழவரிடம் நாற்காலியை நகர்த்திப்போட்டு, நாயை எந்தப் பெயரில் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும் என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறார்கள்.

அடுத்து, உங்கள் கேள்வியின் நடுவில் இருக்கும் முள். மனிதர் கஷ்டப்படும்போது விலங்குக்கு எதற்கு?

இந்தக் கேள்வி, இரக்கம் அளந்து வைத்த ஒரு பாத்திரம், இங்கே ஊற்றினால் அங்கே குறையும் என்று நினைத்துக்கொள்கிறது. வரலாற்றில் நடந்தது வேறு. 1824-ல் லண்டனில் விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் வில்லியம் வில்பர்ஃபோர்ஸ். அடிமை வணிகத்தை ஒழிக்க வாழ்நாள் முழுக்கப் போராடியவர். நியூயார்க்கில் 1866-ல் விலங்குகளுக்காக ஒரு சங்கம் தொடங்கினார் ஹென்றி பெர்க். 1874-ல் ஏட்டா வீலர் என்ற பெண்மணி அவரிடம் வந்தார். வளர்ப்பு வீட்டில் அடித்து வதைக்கப்பட்டுக்கொண்டிருந்த மேரி எலன் என்ற சிறுமியை மீட்க அவர் எங்கெங்கோ அலைந்திருந்தார், வழி கிடைக்கவில்லை. பெர்க் தன் வழக்கறிஞர் எல்பிரிட்ஜ் கெரியைக் கொண்டு வழக்கை நீதிமன்றம் கொண்டுபோனார், சிறுமி மீட்கப்பட்டாள். அந்த ஆண்டு முடிவதற்குள் குழந்தைகளைக் காக்கவே ஒரு சங்கம் அங்கே உருவானது. சிறுமியை 'அவளும் ஒரு விலங்குதான்' என்று வாதாடி மீட்டார்கள் என்று ஒரு கதை உலவுகிறது, அது உண்மையில்லை. விலங்குகளுக்காக ஓடியவர் குழந்தைக்காகவும் ஓடினார் என்பதே நடந்தது.

என் தொழிலிலிருந்தும் சொல்லலாம். ரேபிஸ் நோயால் ஆண்டுக்குச் சுமார் 59,000 மனிதர்கள் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. ஏறக்குறைய 99 சதவீதம் நாய்கள் வழியாக வருகிறது. ஒரு பகுதியில் 70 சதவீத நாய்களுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும். அந்த ஊசியைப் போடுவது யார்? உங்கள் மகளைப் போன்ற பிள்ளைகள்தான், கையில் கீறலோடு. 1761-ல் பிரான்சின் லியோன் நகரில் உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி நிறுவப்பட்டதற்கு முக்கியக் காரணம், மாடுகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்று மனிதரைப் பட்டினியில் தள்ளிய வெக்கை நோய். சரியாக 250 ஆண்டு கழித்து, 2011-ல், அந்த நோய் உலகிலிருந்தே ஒழிந்தது என்று அறிவித்தார்கள். பெரியம்மைக்குப் பிறகு மனிதர் அடியோடு ஒழித்த இரண்டாவது நோய் அது.

இதையெல்லாம் அவளிடம் நீங்கள் வாதமாக வைக்க வேண்டாம். உங்கள் மனசு ஆறுவதற்காகச் சொன்னேன்.

இனி அந்த இரண்டு நாள் பட்டினி. இதில் உங்களிடம் எதையும் மறைக்கப் போவதில்லை. அழுவது நல்லது. என்னால் இன்றும் அழாமல் இருக்க முடியாத நாட்கள் உண்டு. சிறுநீரகம் போன கிழநாய் ஒன்றைக் கடைசி ஊசி போட்டுத் தூங்க வைக்கும்போது, அதன் தலைக்குக் கீழே கையைக் கொடுத்து உட்கார்ந்திருப்போம். காதின் பின்புறம் கடைசிவரை சூடாக இருக்கும். அந்தத் துக்கம் வலிக்கும், ஆனால் ஆறிவிடும். செய்ய வேண்டியதைச் செய்தோம் என்ற நிறைவும் அதோடு சேர்ந்தே இருக்கிறது.

ஆறாதது வேறு ஒன்று. என் ஆரம்ப காலத்தில் நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், கூண்டு நிரம்பிவிட்டால் வாரக்கடைசியில் ஒரு பட்டியல் வரும். பட்டியலில் இருப்பவை நோயாளி விலங்குகள் அல்ல. நன்றாக இருந்தவை, இடம்தான் இல்லை. காலையில் நான் புண்ணைக் கழுவிக் கட்டிய நாய்க்கு மாலையில் நானே அந்த ஊசியைப் போட்டிருக்கிறேன். அது என் கையை நக்கியது. எதற்காக இந்த வேலைக்கு வந்தோமோ அதற்கே நேர்மாறானதை அந்தக் கையால் செய்ய வேண்டிவரும்போது உண்டாகும் நோவைத் தத்துவப் பேராசிரியர் பெர்னார்ட் ரோலின் 1987-ல் 'அறநெருக்கடி' என்ற பொருளில் பெயரிட்டு எழுதினார். ஓய்வெடுத்தால் தீர்கிற களைப்பு இல்லை அது என்று அவர் சொன்னதை என் அனுபவத்தில் கண்டேன். இரண்டு வருடம் தாங்கினேன். பிறகு அங்கிருந்து விலகி, கருத்தடைச் சிகிச்சை மட்டும் செய்யும் குழுவில் சேர்ந்தேன். பெண்பூனை நான்கு மாதத்திலேயே சினைபிடிக்கும், ஏறக்குறைய இரண்டே மாதத்தில் ஈனும். அந்தப் பட்டியல் எங்கே தொடங்குகிறதோ அங்கே போய்க் கையை வைத்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

அமெரிக்காவில் 1979 முதல் 2015 வரை இறந்த கால்நடை மருத்துவர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2019-ல் ஓர் அறிக்கை வந்தது. இறப்புகளில் தற்கொலையின் பங்கு, பொதுமக்களோடு ஒப்பிட்டால் ஆண் மருத்துவர்களில் 2.1 மடங்கும் பெண் மருத்துவர்களில் 3.5 மடங்கும் இருந்தது. பயமுறுத்த எழுதவில்லை. பெற்ற தாய்க்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது. ஒரு நாய் இறந்ததற்காக இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாதது துக்கம். அதுவே வாரக்கணக்கில் நீண்டால், தூக்கம் கெட்டால், அவள் ஆசையாகச் சொல்லும் கதைகள் நின்றுபோனால், "நான் என்ன செய்தாலும் பிரயோஜனமில்லை" என்று அடிக்கடி சொன்னால் தாமதிக்காதீர்கள். மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், நீங்களும் கூடப் போங்கள். "அதனால்தான் அப்போதே வேண்டாம் என்றேன்" என்ற வார்த்தை மட்டும் உங்கள் வாயிலிருந்து வரக்கூடாது. அது வந்துவிட்டால் அடுத்த தடவை உங்களிடம் சொல்ல மாட்டாள்.

நீங்கள் கண்டிப்பாக இருக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. பண்டர்சன், தாம்ப்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்க மிருகக்காட்சிசாலைகளில் விலங்குகளைப் பராமரிப்பவர்களிடம் பேசி 2009-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 'இதற்காகத்தான் நான் பிறந்தேன்' என்று உணர்ந்தவர்களுக்கு வேலையில் ஆழ்ந்த அர்த்தம் கிடைத்தது. அதே ஆட்கள்தான் குறைந்த சம்பளத்தையும், பறிபோன ஓய்வு நேரத்தையும், உடல் வருத்தத்தையும் கடமையென்று பொறுத்துக்கொண்டார்கள். இந்தத் துறையில் நான் கண்ணால் கண்ட உண்மை இது. "உனக்குத்தான் விலங்குகள் என்றால் உயிராயிற்றே, இன்று இரவும் இருந்துவிடேன்" என்று கேட்பார்கள். அவளும் இருந்துவிடுவாள். ஆகவே சம்பளம் எழுத்தில் இருக்கிறதா, வாரத்தில் ஒருநாள் முழு விடுமுறை உண்டா, கடிபடுவதற்கு முன்பே போடும் ரேபிஸ் தடுப்பூசியும் டெட்டனஸ் ஊசியும் போட்டாயிற்றா, ராத்திரி முறைக்குத் துணை ஆள் உண்டா என்று கேளுங்கள். அவள் கேட்கக் கூச்சப்படுவாள். அம்மா கேட்டால் தப்பில்லை.

தடுப்பதா விடுவதா என்று பிறகு யோசிப்பதாக எழுதினீர்கள். தடுக்காதீர்கள், ஆனால் படிக்கச் சொல்லுங்கள். காப்பகத்தில் கூண்டு கழுவுவதோடு நின்றுவிட்டால் இரண்டே வருடத்தில் கை மறுபடி வெறுங்கையாகிவிடும். ஏதோ ஒன்று சரியில்லை என்று தெரியும், என்ன செய்வதென்று தெரியாது. அந்த இடத்தில்தான் நல்ல பிள்ளைகள் உடைந்துபோகிறார்கள். மருத்துவப் பட்டம்தான் வேண்டும் என்பதில்லை. கால்நடை நர்ஸ், விலங்கு நடத்தைப் பயிற்சி, காட்டுயிர் மறுவாழ்வு, காப்பக நிர்வாகம் என்று வழிகள் இருக்கின்றன. அவள் படித்து முடித்த படிப்பும் வீணில்லை. எந்த நோய் எந்தக் கூண்டில் தொடங்கி எந்தக் கூண்டுக்குப் போனது என்று ஒழுங்காகப் பதிவு வைக்கத் தெரிந்த ஒருவர் கிடைத்தால் எந்தக் காப்பகமும் கையெடுத்துக் கும்பிடும். ஆறு மாதம் முழுநேரமாகச் செய்யட்டும், கூடவே ஒரு படிப்பில் சேரட்டும். முடிந்தால் கைக்கு வந்த வேலையில் அந்த ஆறு மாதத்துக்குக் காலஅவகாசம் கேட்டுப் பார்க்கட்டும்.

அந்த ஆறு மாதமும் அவள் வீட்டில் என்ன பேசுகிறாள் என்று கேட்டுக்கொண்டிருங்கள். விலங்கைக் கைவிட்ட மனிதர்களைப் பற்றியே கோபமாகப் பேசிக்கொண்டிருந்தால் கொஞ்சம் கவலைப்படலாம். "நேத்து நின்னுக்கிட்டே தின்னுச்சும்மா, இன்னைக்கு உக்காந்து தின்னுச்சு" என்று சொன்னால் நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

ஒரு காலைப்பொழுது நீங்களும் அவளோடு போய் வாருங்கள். குட்டிகளைக் காட்ட இழுப்பாள். பார்த்துவிட்டு, பின்பக்கத்தில் அவள் வேலை செய்யும் இடத்தில் ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்து அவள் கைகளைப் பாருங்கள். போகும்போது வெறுங்கையோடு போகாமல், வீட்டில் கிடக்கும் பழைய துண்டு, படுக்கைவிரிப்புகளைத் துவைத்து எடுத்துப் போங்கள். எந்தக் காப்பகத்திலும் அதற்குப் பஞ்சம்தான். ஓரம் பிரிந்து நூல் தொங்குவதை மட்டும் ஒதுக்கிவிடுங்கள். பூனைகள் நூலை விழுங்கிவிடும், குடலில் சிக்கிக்கொள்ளும். எதற்கு ஒதுக்குகிறீர்கள் என்று உங்கள் மகள் கேட்க மாட்டாள், அவளுக்குத் தெரிந்திருக்கும்.

அன்புடன்,
உங்கள் கால்நடை மருத்துவர்